அத்தையின் உயரம்

அடியும் அங்குலமும் போய் மீட்டர் வந்த புதிது. செஞ்சியில் எங்கள் வீட்டிலேயே சென்டிமீட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று, ஐந்தாம் வகுப்பில் படித்த நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. அத்தை நைனாவின் தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, விழுப்புரத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப்போட்டுவிட்டுத் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் ஆவட்டும். அவங்க ஊட்ல படிக்க வெச்சா படிக்கட்டும்" என்று நைனா முடித்துவிட்டார்.

வரனைக் கொண்டுவந்தவர் அம்மாவின் அண்ணன், அனந்தபுரத்து மாமா.

"பையனுக்கு சர்வே ஆபீஸ்ல வேலை, மாப்ளே. ஆளு கொஞ்சம் குள்ளம். அதான் பொண்ணு உசரம் இன்னான்னு கேக்கறாங்க. சென்டிமீட்டர்லதான் சொல்லணுமாம். சர்க்கார் உத்தியோகம் பாரு!"

தையற்கடையில் டேப் வாங்கி வரச் சொன்னாள் அம்மா.

"அதுக்கு இன்னாத்துக்கு அண்ணி டேப்பு? கை இருக்குது" என்றாள் அத்தை. சுவரோரம் நின்று, தலைமட்டத்தில் கரியால் கோடு போடச் சொன்னாள். பிறகு தரையிலிருந்து கோடு வரை தானே சாண் போட்டாள். எட்டு வந்தது.

"அவங்கவங்க கையால அளந்தா எல்லாருக்கும் எட்டுதான்" என்று அம்மா திருப்தியாக உள்ளே போய்விட்டாள்.

"ஒரு சாணுக்கு எத்தினி சென்டிமீட்டருடி?" என்று அத்தை என்னைக் கேட்டாள்.

"இருபத்து மூணு!"

இன்று என் மகளை டேப் வைத்து இரண்டு முறை அளந்தும் மனம் ஆறாத நான், அன்று ஒரே பெருக்கலில் நூற்று எண்பத்து நாலு என்று சொல்லிவிட்டேன். பாடப்புத்தகத்துச் சாண் வேறு, அத்தையின் சின்னக் கைச் சாண் வேறு என்று தோன்றவே இல்லை. மாமா அந்த எண்ணை முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

பயிற்சிக்கு ஆர்டர் வந்த வாரம், மாமா கொதித்துப்போய் வந்தார்.

"வேற எடத்துல தட்டு மாத்திட்டாங்க! ஏன்னு கேட்டா சிரிக்கறானுங்க. ஆறடிக்கு மேல பொண்ணாம். கோட்டை மேல கொடிக்கம்பமா நட்டுக்கச் சொல்றானுங்க!"

நைனா என்னைப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன்.

"கொழந்தைய ஏண்ணா மொறைக்கிற? அது போட்ட பெருக்கல்ல தப்பே இல்ல" என்று அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

நைனா பயிற்சி ஆர்டரை எடுத்து அத்தையிடம் நீட்டினார். "சரி, போய்ப் படி. வேற வரன் வரப்ப பாத்துக்கலாம்" என்றார் கடைசியில்.

கைக்கு வந்த வரன் போனதற்கு அத்தைதான் அழவேண்டும், நான் தேற்றவேண்டும். ஆனால் என் கண்ணைத் துடைத்துவிட்டு அவள் சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பாவம், துக்கத்தில் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்றுகூடத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, என் பங்கு அப்பளத்தையும் அவள் தட்டில் வைத்தேன்.