கிருபாசங்கர் எழுதாத பேப்பர்

கிருபாசங்கரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் மேல் பாதி, என் மேலேயே பாதி.

கல்லூரியில் நான் பம்ப் லேப் இன்ஸ்ட்ரக்டர். எண்பத்தேழில் சூலூரிலிருந்து இன்ஜினியரிங் படிக்க வந்தவன் அவன். ஓடுகிற பம்ப்பில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். என்ன பிரயோசனம்? மற்ற பேப்பரெல்லாம் பாஸ், ஹைட்ராலிக் மெஷின்ஸ் மட்டும் அரியர். பம்ப்பைப் பற்றிய பேப்பர்தான், அடக் கருமமே! ஒருமுறை தொண்டாமுத்தூரில் யார் தோட்டத்திலோ மோட்டார் நின்றுவிட்டது, வாழை காய்கிறது என்று பரீட்சையை விட்டுவிட்டுப் போனான். இன்னொரு முறை தேதியையே மறந்து தொலைத்தான். அப்புறம் சூலூரில் பட்டறை போட்டான். ஊரே அவனை இன்ஜினியர் என்றுதான் கூப்பிட்டது. டிகிரி மட்டும் இல்லை.

தொண்ணூற்று நான்கு நவம்பர்தான் கடைசி வாய்ப்பு. ஏழு வருடம் தாண்டினால் அவ்வளவுதான். ஒரு பம்ப் கம்பெனி டிசைன் பிரிவில் அவனுக்கு இடம் வைத்திருந்தது; டிகிரியோடு வந்தால் வேலை. அதற்காக ஒரு மாதம் பட்டறையைப் பூட்டிவிட்டுப் படித்தான்.

பரீட்சை ஒன்பதரைக்கு. எட்டே முக்காலுக்கே ஹால் டிக்கெட்டோடு என்னைப் பார்க்க வந்து நின்றான். லேபில் அன்று ஜூனியர்களுக்குப் பிராக்டிகல். வெளியூர் எக்ஸாமினர் வந்து உட்கார்ந்தாயிற்று, பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன வாய்தான் கேட்டது.

"ஒரு எட்டுப் பாத்துப்போட்டுப் போயிரு கண்ணு."

"பத்தே நிமிசமுங்க சார்," என்று சட்டைக் கையை மடித்தான்.

இந்த ஊர் பம்ப் மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம். கழற்றிய பம்ப்பில் தண்ணீர் விழாமல் கை கழுவ மாட்டார்கள். அது தெரிந்தும் கூப்பிட்டேன் பாருங்கள்! வால்வில் அடைத்திருந்த துணியை எடுத்தான். தண்ணீர் ஏறவில்லை, வேறெங்கோ காற்று இழுத்தது. மணி ஒன்பதே முக்கால்.

"போதும், போய்த் தொலைடா!" என்று கத்தினேன்.

"கழட்டிப்போட்டு எப்படிங்க போறது? இதா ஆச்சுங்க."

பத்து மணிக்குத் தொட்டியில் தண்ணீர் கொட்டியது. பையன்கள் கை தட்டினார்கள். கிருபாசங்கர் ஓடினான், பின்னாலேயே நானும்.

அரை மணிக்கு மேல் தாமதமானால் ஹாலுக்குள் விடக் கூடாது. நாங்கள் போனபோது பத்து நாலு. வாசலில் பேராசிரியர் சென்னகேசவன் நின்றார்.

"ஏனுங்க, நம்ம லேப் பம்ப்புக்காகத்தானுங்க லேட்டு!" என்று கும்பிட்டேன்.

"பரீட்சை நாள்ல அவனை யாருங்க கூப்பிட்டது? ரூல்ஸுன்னா ரூல்ஸ்தானுங்க, கோவிந்தராஜுலு."

கதவைச் சாத்திவிட்டார்.

அன்று பிராக்டிகல் முடித்த அத்தனை பேரும் பின்னால் பட்டம் வாங்கினார்கள். அதில் ஒருவன் அந்த டிசைன் வேலையிலேயே சேர்ந்தான். இன்னொருவர் வாயால் தெரிய வேண்டாம் என்று நானே சூலூர் போய்ச் சொன்னேன். கிருபாசங்கர் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"நீங்க அன்னிக்குக் கூப்பிடாம இருந்திருக்கலாமுங்க சார்."

சொல்லிவிட்டு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். எனக்கு உட்காரத் தைரியம் வரவில்லை.