அப்பாவின் தையலும் அத்தையின் எண்ணெயும்

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதும் காசிமேட்டுச் சொந்தபந்தம் மொத்தமும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டது. அவரோடு விசைப்படகில் போகும் சித்தப்பாக்கள், மீன் விற்கும் சித்திகள், எல்லோருக்கும் முன்னால் அப்பாவின் அக்காவான என் அத்தை. எங்கள் ஆட்களுக்கு நோயாளியைக் கண்ணால் பார்த்தால் போதாது. காயக்கட்டைத் தூக்கித் தையலைப் பார்க்க வேண்டும், தொட்டு உச்சுக்கொட்ட வேண்டும், மாதா கோவிலில் மந்திரித்த எண்ணெயை அதன்மேல் தடவ வேண்டும்.

காயத்தில் கண்ட கை பட்டால் சீழ் வைக்கும், மறுபடி கிழிக்க வேண்டிவரும் என்று நர்சம்மா எச்சரித்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் அப்படித்தான் இரண்டாம் முறையாகப் படுத்திருந்தார். அப்பா கடலுக்குத் திரும்பாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பெரியாது. வார்டுக் குழாயில் தண்ணீர் வராததால் அம்மா ஷேர் ஆட்டோவில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். சோப்பையும் சொம்பையும் என்னிடம் கொடுத்து, கை கழுவாமல் ஒருவரையும் விடாதே என்றாள். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். சித்தப்பாக்களை வரிசையில் நிற்கவைத்து, நகக்கண்ணையும் தேய்க்கச் சொல்லி அதட்டினேன். தலைகால் புரியவில்லை.

அத்தை மட்டும் எண்ணெய்க் குப்பியோடு நேரே கட்டிலுக்குப் போய்விட்டாள். அம்மா குறுக்கே நின்றாள்.

"என் தம்பி வயித்த நான் தொடக்கூடாதா? நீ இன்னா டாக்டரா?"

"நெத்தியில வெச்சாலும் மாதா கேப்பாங்க, அண்ணி. தையலாண்ட வேணாம். மொதல்ல கைய கழுவிக்கினு வாங்க."

வார்டே வேடிக்கை பார்த்தது. அத்தை முறைத்தாள். பிறகு என்னிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மறுநாள் மற்ற கட்டில்காரர்களின் சொந்தங்களும் எங்கள் குடத்தடியில் வந்து நின்றார்கள்.

தையல் பிரித்த அன்று காயம் ஒரு பொட்டுச் சீழில்லாமல் மூடியிருந்தது. அப்பா ராஜா மாதிரி நடந்து வெளியே வந்தார். எல்லாம் தான் நெற்றியில் வைத்த எண்ணெயின் மகிமை என்று அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அம்மா சிரித்தபடி தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு போராடி ஜெயித்தவள் ஏன் விட்டுக்கொடுக்கிறாள்?

எனக்குப் பிரசவ ஆபரேஷன் ஆனபோதுதான் அம்மா சொன்னாள். என்னையும் அப்படித்தான் வயிற்றைக் கிழித்து எடுத்திருக்கிறார்கள். அத்தை ஆசையாசையாய் அந்தத் தையலில் எண்ணெய் தடவியிருக்கிறாள். புண் சீழ்ப்பிடித்து அம்மா மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது, என்னைத் தோளிலிருந்து இறக்காமல் வளர்த்ததும் அத்தைதான். அந்தக் கைகளைக் கழுவச் சொல்ல அம்மாவால் முடிந்தது. ஏன் என்று மட்டும் அத்தையிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.