நாலு மணிப் பூசை

அம்மனை நம்பியிருக்கும் உங்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்குச் சுவையாகப் பேச வராது.

எண்பதுகளின் நடுவில், தைப்பூசம் முடிந்த வாரம். கிள்ளான் துறைமுகத்தில் என் கணவர் கண்ணெதிரே கிரேனிலிருந்து சரக்கு அறுந்து விழுந்தது. கூட வேலை செய்த ராஜு அண்ணன் அங்கேயே போய்விட்டார். இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தப்பித்தாரே என்று தேங்காய் உடைத்தேன்.

அதன் பிறகு இவர் பேச்சு குறைந்துபோனது. இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குவார். எழும்போது பனியன் நனைந்திருக்கும். ஒருநாள் தூக்கத்தில் மார்பில் கை வைத்துப் பார்த்தேன். ஓடி வந்தவர் நெஞ்சு போல அடித்தது. தினமும் அப்படித்தான். தாலி நிலைக்காது என்றே பயந்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், பண்டமாரானில் எங்கள் வீடு. அவர் படுக்கும் அறையின் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் சாமி மேடை. அவர் நெஞ்சுக்காகவே தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பூசை நேர்ந்துகொண்டேன். மணியை விடாமல் அடிப்பேன். ஏழெட்டு மாதம். எனக்குக் கை ஓய்ந்தது, அவர் இளைத்துக்கொண்டே போனார். "உனக்குக் காது செவிடா?" என்று அம்மனையே ஏசினேன்.

கடைசியில் கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில், அவர் நெஞ்சில் ஒயர் ஒட்டி இடுப்பில் துடிப்பைப் பதிவு செய்யும் ஒரு டேப் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஒருநாள் முழுக்க வீட்டில் நடப்பதை நேரம் போட்டு எழுதச் சொன்னார்கள். எழுதிக்கொடுத்தேன்.

"ஹார்ட்ல கோளாறு இல்லக்கா," என்றார் டாக்டரம்மா. "தூங்கினா எல்லாருக்கும் துடிப்பு எறங்கும். இவருக்கு எறங்கல. ஆள் தூங்குறாரு, நெஞ்சு முழிச்சிக்கிட்டு இருக்கு. நாலு மணிக்கு ரொம்ப ஏறுது. அப்ப என்ன செஞ்சீங்க?"

"சாமி கும்பிட்டேன் டாக்டர். மணி அடிச்சேன்."

இவர் முகத்தை மூடிக்கொண்டார். "கிரேன் நகர்றப்ப மணி அடிக்கும் டாக்டர். அன்னைக்கும் அடிச்சிச்சு. ராஜு திரும்பியே பாக்கல." அன்றுதான் முதன்முதலாக அழுதார்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"மணி கேட்டாலே ராஜு எதிர்ல நிக்கிற மாதிரி இருக்கும். ஆனா சாமி காரியமாச்சே, எப்படி வேணாம்னு சொல்றது?"

எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. அன்றே மணியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். வெறும் விளக்கு மட்டும் ஏற்றினேன். டாக்டரம்மா சொன்னபடி அவரும் பகல் வேலைக்கு மாறினார், அந்த அம்மாவிடமே போய் மனம்விட்டுப் பேசினார். ஒரே நாளில் குணமாகவில்லை. மாதங்கள் ஆயின. ஒரு ஞாயிறு மதியம் மார்பில் கை வைத்தேன். நிதானமாக அடித்தது. நானும் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.

நம் கோவிலில் மணி ஓய்ந்த பிறகு உள்ளே வருகிறாரே, அவர்தான் என் கணவர். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை.

நீங்களும் அவளிடம் கேளுங்கள். மெதுவாகச் சொன்னாலே போதும். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.