ஒன்பது பேருக்கு ஒரே மெயில் ஐடி

அவசரம் எனக்குப் பிறவிக் குணம். கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஆப் செய்து கொடுக்க ஆரம்பித்தபோது முதலில் வந்தவர் ஸ்ரீரங்கத்தில் கல்யாண கேட்டரிங் நடத்துகிற ஒருவர். அங்கே எல்லோருக்கும் அவர் மாமாதான். எந்த மண்டபம், எத்தனை இலை, யார் யார் வர வேண்டும் என்று அவருடைய ஆட்களுக்குச் சொல்கிற ஆப் அது. சாத்தமுது என்று அவர் சொல்கிற ரசத்தின் பொடிக்கும் புளியோதரைக்கும் அளவுகள் அதிலேயே இருந்தன. மாமாவின் கவலை முழுக்க அந்த அளவுகளைப் பற்றித்தான்.

"மத்த சமையல்காரா கண்ணுல இது படப்படாதும்மா. நம்ம மனுஷாளுக்கு மட்டும்தான்."

"படாது மாமா. யார் தேடினாலும் கிடைக்காது. லிஸ்ட்ல இருக்கிற மெயில் ஐடிக்கு மட்டும்தான் இறங்கும்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டு பேரின் ஐடிகள் ஒரு தாளில் வந்தன. சரியாகப் பார்க்காமலே ஏற்றினேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு நிச்சயதார்த்த வேலைக்கு 'வருகிறேன்' என்று அழுத்தியிருந்த ஆள் யாரென்றே மாமாவுக்குத் தெரியவில்லை. போன் செய்து கேட்டால், லால்குடியில் வேன் ஓட்டுகிறவர். யாரோ விசேஷத்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

அப்புறம்தான் தாளை ஒழுங்காகப் படித்தேன். ஒன்பது பேருக்கு எதிரே ஒரே ஐடி! சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடைக்காரர், போன் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் தன் ஐடியையே போட்டுக் கொடுத்திருக்கிறார். வேன்காரரும் அவரிடம்தான் வாங்கியிருந்தார்; அதே ஐடி என்பதால் ஆப் அவர் போனிலும் இறங்கிவிட்டது. மெயிலே அனுப்பாத மனிதர்களுக்கு அவர் செய்தது உபகாரம்தானே. கோபமெல்லாம் என் மேலேயே வந்தது.

அந்த ஐடியை உடனே நீக்கினேன். ஒன்பது பேருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினேன்: "உங்களை எல்லாம் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேங்க. புது ஐடி போட்டு மறுபடி சேர்த்துடறேன். வெள்ளிக்கிழமை நானே வரேன்."

மறுநாள் மத்தியானம் காய் நறுக்குகிற அக்கா என் வீட்டுக்கு வந்தார். மாமாவிடம் பதினாலு வருஷமாக இருப்பவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே இரண்டு ஏப்ரன்கள், துவைத்து மடித்திருந்தன.

"மாமாகிட்ட கொடுத்துடுங்கம்மா. அவர் முகத்தைப் பார்த்து என்னால கொடுக்க முடியாது."

"எதுக்குக்கா?"

"என்னைத்தான் எடுத்துட்டீங்களே. என்ன தப்பு செஞ்சேன்னு மட்டும் சொல்லிடுங்க. போன வாரம் பூசணிக்காயைப் பெருசா நறுக்கிட்டேனா?"

"நான் பேசினதை முழுசா கேட்கலையா?"

"எடுத்துட்டேன்னு சொன்னதுக்கு அப்புறம் கேட்கிறதுக்கு என்ன இருக்கு?"

போனைத் திறந்து காட்டினார். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று ஆப் சொன்னது. அந்த வாசகத்தை எழுதியதும் நான்தான். கூசிப்போனேன்.

விஷயத்தை விளக்கி, கையைப் பிடித்து உட்காரவைத்து, காபி கொடுத்துவிட்டு அவருக்கென்று ஒரு ஐடி தொடங்கினேன். பிறந்த தேதி கேட்டது. ஆதாரில் வேறு ஏதோ இருக்கிறதாம். நிஜமாகப் பிறந்தது ஆடிப்பெருக்கு அன்றைக்காம். ஆகஸ்ட் மூன்று என்று போட்டேன். பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கிப் பர்சுக்குள் வைத்துக்கொண்டார்.

"அவ்ளோதான்க்கா, உங்களை எடுத்தாச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"சேர்த்தாச்சுன்னு சொல்லும்மா!"

"சேர்த்தாச்சுக்கா, சேர்த்தாச்சு."

ஆப் திறந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை உறையூரில் வளைகாப்பு, இருநூறு இலை, காய் நறுக்க அவர் பெயர். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு 'வருகிறேன்' என்பதை இரண்டு தடவை அழுத்தினார். மீதி எட்டுப் பேருக்கும் அப்போதே போன் செய்தேன். இந்தத் தடவை முதல் வார்த்தையே 'சேர்க்கிறேன்' என்று ஆரம்பித்தேன்.

அக்கா பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார்.

"மாமாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. அவர் என்னை நிறுத்திடுவார்னு நான் நெனச்சது தெரிஞ்சா, பாவம், ரொம்ப வருத்தப்படுவார்."

இன்றுவரை நான் சொல்லவில்லை.