ஊதச் சொன்னவன்

மதுவிலக்கு வந்த புதிதில், ராயபுரத்தில் ஒரு நிலக்கரிக் கிடங்கின் வாசலில் டைம்கீப்பராக இருந்தேன். காலையில் கூலியாட்களை வரிசையாக நிறுத்தி, என் முகத்துக்கு நேரே ஊதச் சொல்வேன். சாராய வாடை வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது.

ஒருநாள் எங்கள் வெள்ளைக்கார மேனேஜர் காரிலிருந்து இறங்கும்போதே தள்ளாடினார். அவர் குடிப்பதற்குச் சர்க்காரே பெர்மிட் கொடுத்திருந்தது. ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்து உள்ளே உட்காரவைத்தேன். "துரைக்கு மயக்கம்" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

திரும்பி வந்தேன். வரிசையில் அடுத்து நின்ற கரி சுமப்பவர் ஊதினார். வாடை அடித்தது. வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"தொர வாயிலயும் இதே நாத்தம்தான். அவர ஊத சொன்னியா நைனா?" என்று நிதானமாகக் கேட்டார்.

வாய்த்துடுக்கு என்று எழுதி, ஒரு வாரம் அவர் வேலையை நிறுத்திவைத்தேன். எனக்கு அவ்வளவு கோபம்.

தாங்கிப் பிடித்ததற்காக, அந்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் எனக்கு அரை பாட்டில் பிராந்தி கொடுத்தார். எனக்கு ஏது பெர்மிட்? முழுவதையும் குடித்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல வாசலில் நின்று "ஊது" என்றேன். ஒவ்வொருவராக என் முகத்தருகே வந்து ஊதினார்கள். என் வாடை அத்தனை பேருக்கும் அடித்திருக்கும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.