டேட்டாவைப் பிரித்து விட்ட எங்கள் பாலு

நான் அப்பவே சொன்னேன். அந்த வேலை பாலுவை ஒருநாள் சாய்த்துவிடும் என்று... கேட்டவர்கள் சாட்சி.

இன்று காலை சென்னையில், ஆபீஸ் நாற்காலியிலேயே ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டான். என் பெரியம்மா மகள் சரோஜா அக்காவின் ஒரே பிள்ளை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டேட்டா சென்டர் என்றால் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்த பெரிய கட்டடம். நாம் போனில் தட்டுவதெல்லாம் அங்கேதான் போகிறது. உள்ளே நெரிசல் ஆகாமல் டிராஃபிக்கைப் பல வழியில் பிரித்து விடுவது பாலுவின் வேலை.

அந்த ஐடியாவே என்னிடமிருந்து போனதுதான். பீங்கான் பொம்மை செய்யும் எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டைக்கு மண் லாரி விட்ட காலத்தில், ஊருக்குள் பாலக்கரையில் ஜாம் என்றதும் அத்தனை லாரியையும் ஒரே போனில் பைபாஸுக்குத் திருப்பினேன். டிராஃபிக் போலீஸே சல்யூட் அடித்தார்.

ஒருமுறை இதைச் சொன்னபோது பாலு டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தான். "அப்புறம் பைபாஸு ஜாம் ஆயிருக்குமே மாமா. காலியா இருக்குதுன்னு எல்லாத்தையும் ஒரே பக்கம் தள்ளுனா, அது எப்படி காலியா இருக்கும்? பிரிச்சு பிரிச்சு வுடணும்."

ஜாம் ஆகத்தான் செய்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பொங்கலுக்கு லேப்டாப்போடுதான் வந்தான். சாப்பிடும்போதும் ஒரு கை அதில்.

"ஏம்ப்பா, அங்க வேற ஆளே இல்லியா?" என்றது அக்கா.

"ரெண்டு பேரு வேலைய வுட்டு நின்னுட்டாங்கம்மா. எனக்குப் பொண்டாட்டி புள்ள இல்லல்ல... என் பக்கம்தான் காலின்னு எல்லாத்தையும் தள்ளுறாங்க."

"வுட்டுட்டு வாடா, செராமிக்குல மேனேஜரா போட்டுடறேன். நான் சொன்னா ஓனரு தட்ட மாட்டாரு" என்றேன்.

"பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கவா மாமா?"

நேற்று சாயங்காலம் போன் செய்தான். "புது ஆளுங்க வந்துட்டாங்க மாமா. பாதி வேலைய பிரிச்சுக் குடுத்துட்டேன். இப்பல்லாம் நல்லா தூங்குறேன், அம்மாகிட்ட சொல்லிடுங்க."

காலையில் செய்தி வந்ததிலிருந்து அக்கா ஒன்றையேதான் கேட்டது. "எம் புள்ள தூங்குச்சா, இல்லியா?" இதைச் சொன்னேன். இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அக்கா அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

பாடி மதியத்துக்கு மேல் வரும். நாளைக் காலை எடுக்கிறோம்.

போய்ப் படு, பாலு.

அக்கா ஃபேஸ்புக் பார்க்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்... நேற்று அவன் போன் செய்யவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், அக்கா சொன்னால், ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள்.