லேபிள் பிரிக்கிறார்கள்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. தையல் மெஷின் எதுவும் ஓடவில்லை. அமெரிக்கா வரியைக் கூட்டியதும் அங்கிருந்து வந்த ஆர்டர் ரத்தாகிவிட்டது. தைத்து முடித்த டி-சர்ட்டுகளின் கழுத்தில் இருக்கும் அமெரிக்கக் கடை லேபிளைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து பிளேடால் பிரித்தெடுக்கிறார்கள். லேபிள் போனால்தான் உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டையில் விற்க முடியுமாம்.

டெல்லியில் வெளியுறவுக் கொள்கை ஆராய்ச்சி செய்கிறவன் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். டெய்லர் சரசு நிமிர்ந்து பார்க்கிறார்.

"இப்படி வரி போடுவாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?"

"தெரியுங்க. அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தோம்."

"எங்களப் பத்தி என்னங்க எழுதுனீங்க?"

எழுதியது ஒரே வாக்கியம். திருப்பூர் தாங்கிக்கொள்ளும், அதனால் பேச்சுவார்த்தையில் நாம் இறங்கிவர வேண்டியதில்லை. அதை எழுதும்வரை நான் இந்த ஊருக்கு வந்ததே இல்லை.

"உங்களைப் பத்தியும் எழுதியிருக்கோம்" என்கிறேன்.

சரசுவின் முகம் மலர்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் திரும்புகிறார்.

"அக்கா, நம்மளப் பத்தி டெல்லிக்கு எழுதியிருக்காங்களாமா. இனி பயப்பட வேண்டியதில்லீங்கக்கா."